யேல் மைதானம்: மதராஸில் தொடங்கிய ஒரு பெயரின் கதை

கிரிக்கெட் என்றால் நம் வீட்டுச் சிறுவர்கள் கூட ஸ்கோரை ஒப்பிப்பார்கள். பேஸ்பால் என்றால் நம்மில் பலருக்கு அது அமெரிக்கக்காரர்களின் கிட்டிப்புள் என்ற அளவில்தான் பரிச்சயம். மகனோ மகளோ அமெரிக்காவில் இருப்பதால் அங்கே போய்வந்த பெரியவர்கள் சிலர் ஓர் ஆட்டத்தைப் பார்த்திருக்கலாம். "மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், ஒன்றுமே நடக்கவில்லை" என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிரிக்கெட் தெரியாதவர்கள் டெஸ்ட் மேட்சைப் பற்றிச் சொல்வதும் இதையேதான்!

அந்த விளையாட்டுக்கென ஒரு பல்கலைக் கழகம் அமைத்த மைதானத்தின் வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்ற நகரம் இருக்கிறது. நியூ யார்க்கிலிருந்து ரயிலில் சுமார் 120 கிலோமீட்டர். அங்குள்ள யேல் பல்கலைக் கழகத்தின் பேஸ்பால் மைதானம் நெடுங்காலம் 'யேல் ஃபீல்ட்' என்றே வழங்கி வந்தது. எத்தனையோ மைதானங்கள் இருக்க இதை எடுத்துக்கொள்வானேன் என்று கேட்கலாம். அந்தப் பெயர் நம் மதராஸ் கோட்டையிலிருந்து கப்பலேறிப் போன பெயர் என்பது முதற் காரணம். ஒரு மைதானம் யாருக்காக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதன் கதையில் ஒரு விடை கிடைக்கிறது என்பது இன்னொரு காரணம்.

பெயர் போன வழி

எலிஹு யேல் 1649-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோருடன் இங்கிலாந்து போய்விட்டார். 1672-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைப் பட்டினத்தில் வந்து இறங்கினார். படிப்படியாக உயர்ந்து, 1687-ல் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைமைப் பதவியை அடைந்தார். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் 1680-ல் நடந்த முதல் திருமணம் இவருடையதுதான். மணப்பெண், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவையான காதரின். சிறு வயதிலேயே இறந்துபோன இவர்களுடைய மகன் டேவிட்டும் அந்த ஹின்மர்ஸும் அடக்கம் செய்யப்பட்ட கூர்ங்கோபுரச் சமாதி, சென்னை உயர் நீதிமன்றத்தை அடுத்த பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

பதவியைப் பயன்படுத்திச் சொந்த வியாபாரத்தில் பணம் சேர்த்தார் என்ற புகாரின் பேரில் யேல் 1692-ல் நீக்கப்பட்டார். ஆனாலும் 1699-ல் இங்கிலாந்து திரும்பியபோது பெரும் செல்வந்தராகவே திரும்பினார்.

அந்தக் காலத்தில் கனெக்டிகட்டில், 1701-ல் தொடங்கிய ஒரு சிறிய கல்லூரி கட்டடம் கட்டப் பணமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. நன்கொடை கொடுத்தால் கல்லூரிக்கே உங்கள் பெயரை வைக்கலாம் என்ற தோரணையில் பாஸ்டன் பாதிரியார் காட்டன் மாதர் 1718-ல் யேலுக்கு எழுதினார். யேல் 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும், ஒன்பது பேல் சரக்கும் அனுப்பினார். சரக்கை விற்றதில் கிடைத்தது 562 பவுன் சொச்சம். கட்டடம் எழும்பியது, யேல் கல்லூரி என்ற பெயரும் நிலைத்தது.

அந்த ஒன்பது பேலும் மதராஸ் துணி என்று சிலர் எழுதுவதுண்டு. அது முற்றிலும் சரியல்ல. காலிகோவும் மஸ்லினும் இருந்தன; ஐரோப்பிய நெசவுத் துணிகளும் அவற்றோடு இருந்தன. ஆனால் அவற்றை வாங்கிக் கொடுக்க முடிந்த செல்வம் மதராஸில் சேர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. இதைப் பற்றிக் கடைசியில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது மைதானத்துக்குப் போவோம்.

ஆட்டமும் அளவும்

பேஸ்பால் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். களத்தின் நடுவே, ஒவ்வொரு பக்கமும் 90 அடி உள்ள ஒரு சதுரம். நான்கு மூலைகளில் நான்கு 'பேஸ்'கள். ஒரு மூலை 'ஹோம்'. மட்டை பிடிப்பவர் அங்கே நிற்பார். அவருக்கு எதிரே 60 அடி 6 அங்குல தூரத்தில், ஒரு சிறு மண்மேட்டின் மேல் நின்று 'பிட்சர்' பந்தை எறிவார். இந்தத் தூரம் 1893 முதல் மாறவில்லை. நம் கிரிக்கெட் பிட்ச் 22 கஜம், அதாவது 66 அடி, சர்வேக்காரர்களின் ஒரு சங்கிலி. ஆகவே இரண்டுக்கும் அதிக வித்தியாசமில்லை. வித்தியாசம் எறிவதில் இருக்கிறது. பேஸ்பாலில் பந்து தரையில் பட்டு எழும்புவதில்லை; கை வேகத்தோடு நேரே வருகிறது.

அடித்தவர் நான்கு மூலைகளையும் சுற்றி ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் அந்த அணியின் முறை முடிந்தது. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். ஒன்பதிலும் சமமாக இருந்தால், முடிவு தெரியும்வரை ஆட்டம் நீளும். எறிபவர் கவனிக்காத நேரத்தில் ஓர் ஓட்டக்காரர் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பதும் உண்டு. இதற்கு 'ஸ்டீல்', திருட்டு என்றே பெயர். சட்டபூர்வமான திருட்டு!

களத்தை எந்தத் திசையில் அமைப்பது என்பதும் ஒரு சங்கதி. ஹோமிலிருந்து இரண்டாவது பேஸ் வரை கோடு இழுத்தால் அது கிழக்கு-வடகிழக்காகப் போவது நல்லது என்று ஆட்ட விதிகளே சொல்கின்றன. பிற்பகல் ஆட்டத்தில் மேற்கு வெயில் மட்டைக்காரரின் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக. எறிபவரின் மேடு ஹோமைவிடப் பத்து அங்குலம் உயரம். 1969-க்கு முன் பதினைந்து அங்குலம் வரை இருந்தது. ஐந்து அங்குலம் குறைந்ததில் எறிபவரின் கை ஓங்கியிருந்த நிலை மாறி, மட்டைக்காரர்கள் மூச்சு விட்டார்கள். தண்டவாளத்தின் வளைவில் வெளித் தண்டவாளத்தை எத்தனை மில்லிமீட்டர் உயர்த்துவது என்று கணக்குப் பார்த்தே காலம் கழித்தவனுக்கு இந்த விஷயம் உடனே புரிகிறது. மண்ணில் சில அங்குலம் என்பது சிறிய விஷயமல்ல.

மரப் பலகைக் காலம்

யேல் மாணவர்கள் 1860-களிலிருந்தே பேஸ்பால் ஆடி வருகிறார்கள். முதலில் ஊரிலிருந்த ஹாமில்டன் பார்க் என்ற திடலில் ஆடினார்கள். 1880-களில் நகரின் மேற்கு ஓரத்தில், வெஸ்ட் ரிவர் என்ற சிற்றாற்றுக்கு அப்பால் வாங்கிய நிலம் யேல் ஃபீல்ட் ஆயிற்று. இன்று மைதானம் இருப்பது நியூ ஹேவன் எல்லைக் கோட்டை ஒட்டி, வெஸ்ட் ஹேவன் ஊருக்குள்.

அந்த நாளில் பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து இரண்டுக்கும் அந்த நிலமே களம். சுற்றிலும் மரப் பலகை இருக்கைகள். 1880-களில் அங்கே பந்தெறிந்தவர்களில் ஒருவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். யேலுக்குப் பல பட்டங்களை வாங்கித் தந்தவர். பிற்காலத்தில் சிகாகோ பல்கலைக் கழகத்தில் நாற்பது ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தார். அங்கே அவர் பெயரில் ஏற்பட்ட ஸ்டாக் ஃபீல்டின் மேற்கு மாடத்துக்கு அடியிலிருந்த ஸ்குவாஷ் அறையில்தான் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மி உலகின் முதல் அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டினார். விளையாட்டு மைதானத்தின் படிக்கட்டுக்கு அடியில் என்னவெல்லாம் நடந்துவிடுகிறது!

கால்பந்துக்கு வந்த கூட்டத்தை மரப் பலகைகள் தாங்கவில்லை. எனவே சாலைக்கு எதிர்ப்புறத்தில் 'யேல் பௌல்' என்ற மாபெரும் அரங்கம் 1914-ல் எழுந்தது. இதைப் பற்றி ஒரு சிவில் எஞ்சினீயர் இரண்டு வாக்கியமாவது சொல்லாமல் நகர முடியாது. ரயில்வேயில் கரை எழுப்புவதற்குப் பக்கத்திலேயே மண் எடுப்போம். அந்தப் பள்ளங்களுக்கு 'பாரோ பிட்' என்று பெயர். மழைக்காலத்தில் அவை குட்டையாகி, மாடுகள் இறங்கும். யேல் பௌலை வடிவமைத்த சார்ல்ஸ் ஃபெர்ரி என்ற பொறியாளர் அந்தப் பள்ளத்தையே ஆடுகளமாக்கிவிட்டார். நடுவில் சுமார் 27 அடி ஆழத்துக்குத் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாகக் கொட்டி இறுக்கி, அதன் மேல் கான்கிரீட் பரப்பி, இருக்கைகளைப் பதித்தார்கள். வெட்டிய மண் வெளியே போகவில்லை. நிரப்ப மண் வெளியிலிருந்து வரவும் இல்லை. எழுபதாயிரம் பேர் உட்காரும் அரங்கம் தயார். முதல் ஆட்டத்தில் ஹார்வர்டிடம் 36-0 என்று யேல் தோற்றது வேறு கதை.

அதே 1914-ல்தான் நியூ யார்க்கிலிருந்து வந்த மின்சார ரயில் பாதை நியூ ஹேவன் வரை நீட்டப்பட்டது. 11,000 வோல்ட், ஏ.சி. மின்சாரம். முக்கியப் பாதையில் உயர் அழுத்த ஏ.சி. இழுவையை முதன்முதலில் பெரிய அளவில் செய்து காட்டிய நிறுவனங்களில் நியூ ஹேவன் ரயில்வேயும் ஒன்று. நம் நாட்டில் 25,000 வோல்ட் ஏ.சி. வந்தது 1950-களின் கடைசியில். பெரிய ஆட்ட நாட்களில் ஸ்பெஷல் ரயில்கள் வரிசையாக நியூ ஹேவனில் வந்து நிற்கும். அங்கிருந்து டிராம்கள் கூட்டத்தை அள்ளிக்கொண்டு மைதானத்துக்குப் போகும்.

கால்பந்து எதிர்ப்புறம் போனதால் பழைய யேல் ஃபீல்ட் முழுக்க பேஸ்பாலுக்கென ஆயிற்று. மரப் பலகைகளுக்குப் பதிலாக எஃகும் கான்கிரீட்டும் கொண்ட புதிய பார்வையாளர் மாடம் எழுந்து 1928-ல் திறக்கப்பட்டது. சில ஆயிரம் பேர் உட்காரலாம், அவ்வளவுதான். ஹோமுக்குப் பின்னால் வளைந்து செல்லும் ஒரே அடுக்கு, மேலே கூரை. எந்த இருக்கையில் இருந்தாலும் எறிபவரின் முகம் தெரியும்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்றபின் யேலில் சட்டப் பேராசிரியரான வில்லியம் டாஃப்ட் பேஸ்பால் பிரியர். 1910-ல் ஜனாதிபதியாக இருந்தபோது, பருவத்தின் முதல் பந்தை எறிந்து தொடங்கிவைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவரும் அவரே. முந்நூறு பவுண்டுக்கு மேல் எடை கொண்ட அவருக்காக யேல் ஃபீல்டில் இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு நாற்காலி உண்டு என்று சொல்வார்கள்.

புகைவேகப் பந்தெறிஞர்

இந்த மைதானத்தோடு நெடுநாள் பிணைந்த பெயர் ஜோ வுட். பந்தின் வேகத்தால் 'ஸ்மோக்கி' என்ற பட்டம் பெற்றவர். 1912-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக அவர் வென்ற ஆட்டங்கள் 34, தோற்றவை 5. அந்த ஆண்டு செப்டம்பரில் அக்காலத்தின் தலைசிறந்த பந்தெறிஞரான வால்டர் ஜான்சனை எதிர்த்து ஆடி, 1-0 என்று வென்றார். உலகத் தொடரிலும் மூன்று ஆட்டங்களை வென்று கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 22.

மறு ஆண்டே ஈரப் புல்லில் வழுக்கி விழுந்ததில் கட்டைவிரல் முறிந்தது. அதன்பின் எறியும் கை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மனம் தளராமல் மட்டைக்காரராக மாறி இன்னும் சில ஆண்டுகள் ஆடினார். 1923-ல் யேலுக்குப் பயிற்சியாளராக வந்தவர் 1942 வரை அங்கே இருந்தார். 1928-ன் புதிய மாடம் எழுந்ததை அவர் அன்றாடம் பார்த்திருப்பார். 22 வயதில் உச்சிக்குப் போய் 23-ல் இறங்கிவிட்ட ஒருவர், இருபது ஆண்டுகள் மாணவர்களுக்குப் பந்தைப் பிடிக்கும் விதம் சொல்லிக்கொடுத்தார். ஒரு கல்லூரி மைதானத்தின் உபயோகம் எது என்றால் இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

ஒரு புகைப்படம்

யேல் ஃபீல்டின் மிகப் புகழ் பெற்ற புகைப்படம் 1948 ஜூனில் எடுக்கப்பட்டது. அமெரிக்கா முழுவதும் தெய்வம் போலக் கொண்டாடப்பட்ட பேப் ரூத், தம் சுயசரிதையின் கையெழுத்துப் பிரதியை யேல் நூலகத்துக்கு வழங்க மைதானத்துக்கு வந்திருந்தார். தொண்டைப் பகுதியில் புற்றுநோய், குரல் கம்மிவிட்டது, கோட்டு உடம்பில் தொளதொளவென்று தொங்குகிறது. பிரதியை வாங்கிக்கொள்வது யேல் அணியின் தலைவர், ஒல்லியான ஓர் இளைஞர். ரூத் அதே ஆகஸ்ட் 16 அன்று காலமானார். அந்த இளைஞர் நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஜனாதிபதி ஆனார். ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர் புஷ் அவர்.

புஷ் போரிலிருந்து திரும்பிப் படிக்க வந்தவர். மணமானவர், 1946-ல் நியூ ஹேவனில்தான் மூத்த மகன், பின்னாளில் அவரும் ஜனாதிபதியான ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பிறந்தார். தந்தை முதல் பேஸில் நிற்கும் ஆட்டக்காரர். அகில அமெரிக்கக் கல்லூரி இறுதித் தொடர் 1947-ல் முதன்முதலாக நடந்தபோதும், 1948-ல் இரண்டாவதாக நடந்தபோதும் யேல் இறுதி ஆட்டம் வரை சென்று, முறையே கலிஃபோர்னியாவிடமும் தென் கலிஃபோர்னியாவிடமும் தோற்றது. ஜனாதிபதி மாளிகையில் இருந்த காலத்தில் தம் பழைய பேஸ்பால் கையுறையை மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. அந்த மைதானத்துக்கு இப்போது அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

பன்னிரண்டாவது இன்னிங்ஸ்

இருந்தாலும், யேல் ஃபீல்டில் நடந்ததில் சிறந்தது எது என்று பேஸ்பால் அறிந்தவர்களைக் கேட்டால், ரூத்தையோ புஷ்ஷையோ சொல்ல மாட்டார்கள். 1981 மே 21 என்ற தேதியைச் சொல்வார்கள்.

கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியின் வடகிழக்கு மண்டல ஆட்டம் அது. யேலுக்கு எதிராக நியூ யார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக் கழகம். யேலின் பிட்சர் ரான் டார்லிங். எதிரணியின் பிட்சர் ஃபிராங்க் வயோலா. இருவரும் மாணவர்கள். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தது, ரன் 0-0. டார்லிங்கின் பந்தை எதிரணியில் ஒருவர் கூட அடித்துப் பேஸை அடைய முடியவில்லை. பத்தாவது இன்னிங்ஸ், பதினொன்றாவது இன்னிங்ஸ், அப்படியே. வயோலாவும் பதினொரு இன்னிங்ஸ் எறிந்து ஒரு ரன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. டார்லிங் பதினாறு பேரை மட்டையில் படவிடாமலே வெளியேற்றியிருந்தார்.

பன்னிரண்டாவது இன்னிங்ஸில் செயின்ட் ஜான்ஸின் ஒருவர் பந்தை மெல்லத் தூக்கி அடித்தார். பந்து யாரும் இல்லாத இடத்தில் விழுந்தது. பதினொரு இன்னிங்ஸ் காத்த அணை அங்கே உடைந்தது. மைதானத்தில் இருந்தவர்கள் அனைவரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பந்தை அடித்தவருக்கு அல்ல, டார்லிங்குக்கு. எதிரணி வீரர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். அதன்பின் அந்த ஓட்டக்காரர் இரண்டாவது பேஸையும் மூன்றாவது பேஸையும் திருடினார். கடைசியில், முதல் பேஸிலிருந்த மற்றொருவர் ஓடுவது போல் போக்குக் காட்டி யேல் வீரர்களைத் தம் பக்கம் இழுக்க, மூன்றாவது பேஸிலிருந்தவர் ஹோமுக்குள் புகுந்துவிட்டார். 1-0. யேல் தோற்றது. கல்லூரி ஆட்டங்களில் இவ்வளவு நீண்ட நேரம் ஒருவரும் அடிக்க முடியாதபடி எறிந்தவர் வேறு யாருமில்லை என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

அன்று பார்வையாளர் மாடத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். வயது 91. 1912-ல் 1-0 என்று வென்ற அதே ஸ்மோக்கி ஜோ வுட்தான்! பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தவர், 'நியூ யார்க்கர்' பத்திரிகையின் எழுத்தாளர் ரோஜர் ஏஞ்சல். அவர் அந்தப் பிற்பகலைப் பற்றி எழுதிய கட்டுரை, பேஸ்பாலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகச் சிறந்த ஒன்றாகக் கருதப்படுகிறது. கட்டுரை வெளிவந்த சமயம் தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வேலை நிறுத்தத்தில் இருந்தார்கள். கோடிகள் புரளும் ஆட்டம் நின்றுபோயிருந்தது. காசு வாங்காத மாணவர்கள் ஆடிய ஆட்டத்தை நாடு முழுவதும் படித்துக்கொண்டிருந்தது.

பிற்பாடு டார்லிங் நியூ யார்க் மெட்ஸ் அணியில் சேர்ந்து 1986-ல் உலகத் தொடரை வென்றார். வயோலா 1987 உலகத் தொடரின் சிறந்த வீரர் ஆனார். 1989-ல் அவரும் மெட்ஸுக்கு வர, இருவரும் ஒரே அணியில் ஆடினார்கள். வுட்டுக்கு 1985 ஜனவரியில் யேல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. வழங்கியவர் அப்போதைய துணைவேந்தர் ஸ்தானத்தில் இருந்த பார்ட்லெட் ஜியாமட்டி. அதே ஆண்டு ஜூலையில் 95-ஆம் வயதில் வுட் காலமானார். இலக்கியப் பேராசிரியரான ஜியாமட்டி 1989-ல் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் தலைமை ஆணையரானார். சில மாதங்களிலேயே மாரடைப்பால் இறந்தார்.

வாடகைக்கு வந்தவர்கள்

1994-ல் தொழில்முறை பேஸ்பாலும் யேல் ஃபீல்டுக்குக் குடிவந்தது. நியூ ஹேவன் ரேவன்ஸ் என்ற இரண்டாம் நிலை அணி அங்கே ஆடத் தொடங்கியது. மாடத்தைப் புதுப்பித்தார்கள், கையால் எண்களை மாற்றும் ஸ்கோர் பலகை வைத்தார்கள். 2000-ல் அந்த அணி தன் லீகின் சாம்பியன் பட்டத்தையும் வென்றது. ஆனாலும் நாளடைவில் கூட்டம் குறைந்தது. 2003 பருவத்தோடு அணி மூட்டை கட்டிக்கொண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குப் போய்விட்டது. அடுத்து வந்த கட்டர்ஸ் என்ற அணியும் 2007-க்குப் பின் இல்லை.

வாடகைக்காரர் போனதும் பல ஊர்களில் மைதானத்தின் கதையும் முடிந்துவிடும். நிலத்தின் விலையைக் கணக்குப் போட ஆள் வருவார்கள். நான் குடியிருந்த ஒரு பேட்டையில் சாயங்காலமானால் நான்கு பந்துகள் ஒரே நேரத்தில் பறக்கும் திடல் ஒன்று இருந்தது. சுற்றி வேலி போட்டார்கள். பிறகு கார்கள் நின்றன. பிறகு கட்டடம் வந்தது. அங்கே யார் ஆடினார்கள், யார் எத்தனை அடித்தார்கள் என்பதற்கு இன்று ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. யேல் ஃபீல்ட் அப்படிப் போகவில்லை. காரணம் எளிது. அது வாடகைக்காக ஏற்பட்டதல்ல. தொழில்முறை அணி வந்தாலும் போனாலும், வசந்தகாலம் வந்தால் மாணவர்கள் மட்டையோடு இறங்குவார்கள். நூற்று நாற்பது ஆண்டுகளாக அந்த வரிசை தொடர்ந்து வருகிறது. சொந்தக்காரன் தினமும் உபயோகிக்கும் பொருள் துருப்பிடிப்பதில்லை. தண்டவாளத்துக்கும் அது பொருந்தும், மைதானத்துக்கும் பொருந்தும்.

எழுதி வைத்ததும் வைக்காததும்

மதராஸ் விஷயத்துக்கு வருகிறேன். எலிஹு யேல் ஆலோசனைக் குழுவில் உறுப்பினராகவும் பின் தலைவராகவும் இருந்த காலத்தில், நம் கடற்கரையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. மனிதர்களும் அடிமைகளாக ஏற்றி அனுப்பப்பட்டார்கள். 1680-களின் பஞ்சத்தில் வயிற்றுக்கு இல்லாமல் விற்கப்பட்டவர்களும், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. கம்பெனியின் ஏடுகளில் இது பதிவாகியிருக்கிறது. யேல் பல்கலைக் கழகமும் தன் வரலாற்றில் அடிமை முறைக்கு இருந்த பங்கை ஆராய்ந்து வெளியிட்டு, 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பெயரை மாற்றவில்லை, ஆனால் கணக்கைத் திறந்து வைத்தார்கள்.

இந்த இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. 1981-ல் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் எந்தப் பந்தை யார் எங்கே அடித்தார், எந்த பேஸை எப்போது திருடினார் என்பதெல்லாம் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பிற்பகல் விளையாட்டுக்கு அவ்வளவு மரியாதை. மதராஸ் துறையில் கப்பலேறிய நம் மனிதர்களோ பெரும்பாலும் வெறும் எண்ணிக்கை. இத்தனை உருப்படி என்று சரக்கோடு சரக்காக. அவர்கள் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று எழுதுவதற்கு அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

இதற்காக யேல் ஃபீல்டில் ஆடிய மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. டார்லிங் எறிந்தது எறிந்ததுதான். வுட் சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அந்தப் பெயரை உச்சரிக்கும்போது அதன் அடியில் இருக்கும் மண்ணையும் தெரிந்துகொள்வது நல்லது. கரை உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க மேலே நடந்தால் மட்டும் போதாது. அடியில் என்ன மண் போட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்த விடுமுறையில் சென்னைக்குப் போகிறவர்கள் உயர் நீதிமன்றப் பக்கம் போக நேர்ந்தால் அந்தக் கூர்ங்கோபுரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். யேலில் படிக்க வேண்டும் என்று கனவு காணும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்களே.

ஊரை விட்டு வந்து இங்கே வேரூன்றிய நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விளையாட்டு விழாக்களில் எடுத்த பழைய படங்கள் உங்கள் அலமாரிகளில் இருக்கும். அவற்றின் பின்புறத்தில் ஆண்டையும், நிற்பவர்களின் பெயர்களையும், எந்தத் திடல் என்பதையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.